ஊட்டிக்கு அனுப்பியவள்

எங்கள் விடுதியில் ஒருத்தியை ஊட்டிக்கு அனுப்புவது என்றால் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேற்றுவதல்ல. அவள் கண்முன்னேதான் இருப்பாள். ஏழு நாள் யாரும் அவளோடு பேசக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. அவளும் போனைத் தொடக் கூடாது. வெள்ளைக்கார டீச்சர்கள் கோடைக்கு மலையேறிய காலத்துப் பேச்சாம். நூறு வருஷப் பெருமை என்று நாங்களும் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். அனுப்பியவளே சாப்பாட்டு மேஜையில் எழுந்து "ரயில் வந்தாச்சு" என்றால்தான் தண்டனை முடியும்.

எட்டாம் வகுப்பு ஏஞ்சலை அனுப்பியவள் நான், பிளஸ் டூ ஜோசலின், ஹவுஸ் கேப்டன். ஏஞ்சல் செய்த கொலைபாதகம், கேப்டன்கள் மட்டுமே மிதிக்கலாம் என்றிருந்த புல்தரையில் மழைக்குப் பயந்து குறுக்கே ஓடியது. இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

எங்களுக்கு செல்போன் கிடையாது. ஞாயிறு மாலை மாடிப்படிக்குக் கீழே போன் அடிக்கும். எடுப்பவள் உரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் வந்த ஞாயிறு நான் எடுத்தேன். கோவளத்திலிருந்து ஏஞ்சலின் அம்மா செல்வமேரி. மகளிடம் கொடுக்கச் சொன்னார். பத்தடி தள்ளி ஏஞ்சல் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள் என்னையே பார்த்தார்கள். கேப்டனே வழக்கத்தை மீறலாமா? ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை மேஜைமேல் வைத்தேன். அதிலிருந்து சன்னமாகக் குரல் வந்துகொண்டிருந்தது. எப்போது நின்றதென்று தெரியாது, நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் அவருக்கு இதய ஆபரேஷனாம். பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ஏஞ்சல் திரும்பினாள். அன்று சாப்பாட்டு மேஜையில் எழுந்து "ரயில் வந்தாச்சு" என்றேன். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். அவள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியாவது செய்திருக்கலாம்.

"அக்கா, அம்மா செல்லுல பார்த்தேன். அந்த போன் காலு ஒம்பது நிமிஷம் ஓடிகீது. நான்தான் லைன்ல கீறேன்னு நெனச்சுகினு பேசியிருப்பாங்க. அப்போ அவங்க பக்கத்துல யாரும் இல்லியாம். நீங்கதான எடுத்தீங்க. இன்னா சொன்னாங்கக்கா?"

ஒன்பது நிமிஷத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. அவள் போகவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.