ஹேமாவதி சொல்லாத ஆறாவது சொல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புதுவாயல் கூட்டுரோட்டில். ஆள் நிரம்பாமல் ஷேர் ஆட்டோவை எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்த டிரைவரிடம், மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பழவேற்காட்டு அம்மாள் சொன்னாள்: "தோ பாரு நைனா, ஐ ஆம் அனாய்டு. இன்னும் கொஞ்சம் லேட்டாச்சு, இரிடேட்டட் ஆயிடுவேன்." டிரைவர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொற்கள் அந்தக் கூடைப் பக்கம் எப்படி வந்தன? அந்த அம்மாளையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுதுகிறவனுக்குக் கேட்பதைவிடக் கதை கட்டிவிடுவது சுலபம். (இதற்குப் பிற்பாடு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

2

முதல் தொடக்கம்: "கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன்—"

வேண்டாம். சூரியன் எல்லார் கதையிலும் வருகிறது.

இரண்டாவது: "ஹேமாவதிக்குக் கோபம் வந்தது." இது பரவாயில்லை. ஆனால் எந்தக் கோபம்? அங்கேதான் சிக்கல்.

ஹேமாவதியும் அவள் கணவன் தணிகைவேலும் சிப்காட்டில் ஒரே கம்பெனி. அவள் குவாலிட்டியில், அவன் பிரஸ் ஷாப்பில். தொழிலாளிகள் சூப்பர்வைசர்களைத் தாய்மொழியில் திட்டுவது கைமீறிப் போனதால், கம்பெனி ஒரு வகுப்பு வைத்தது. ஹெச்.ஆர். மோனிகா மேடம் ஆறு சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்: அனாய்டு, இரிடேட்டட், அப்செட், டிஸ்அப்பாயின்டட், ஃப்ரஸ்ட்ரேட்டட், ஃபெட் அப். இனிமேல் கோபம் வந்தால் இவற்றில் ஒன்றுதான்.

கம்பெனியில் ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. ஹேமாவதி மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனாள். காரணம் மாமியார் எல்லம்மா. புருஷன் பெண்டாட்டி சண்டை காதில் விழுந்தால் போதும், எல்லம்மா தெருக்கதவை அகலத் திறந்துவைத்து, மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டு, மகனின் பத்து வயதுக் குற்றங்களிலிருந்து ஆரம்பிப்பாள். (மகன் பக்கம் சேரும் மாமியாரைத்தான் முதலில் எழுதினேன். அவளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள் என்று அடித்துவிட்டேன்.) ஆகவே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: சண்டை என்றால் இங்கிலீஷ்தான்.

3

சண்டை இப்படி நடக்கும்.

"ஐ ஆம் அனாய்டு."

"ஒய்?"

"வெட் டவல். ஆன் பெட்."

"ஸாரி. பட் ஐ ஆம் ஆல்சோ இரிடேட்டட்."

"யூ நோ இரிடேட்டட். டுடே மை டர்ன்."

அனாய்டு என்றால் தட்டு 'ணங்' என்று வந்து விழும். இரிடேட்டட் என்றால் குழம்பில் உப்பிருக்காது. அப்செட்டுக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது, டிஸ்அப்பாயின்டட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வேறு சீட். ஃப்ரஸ்ட்ரேட்டட் என்றால் சோழவரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போகும். ஃபெட் அப்பை இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் பையோடு சோழவரம்தான் என்று இருவருக்கும் தெரியும்.

எல்லம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.* ஆனால் காது உண்டு. "இன்னிக்கு அப்செட்டோட நின்னுக்கிச்சு" என்று பக்கத்து வீட்டு பானுவிடம் சொல்வாள். பானுவிடமிருந்து தெருக்குழாய், அங்கிருந்து மாவு மில், மாவு மில்லிலிருந்து மீன்கூடை. கொஞ்ச நாளில் கேஸ் சிலிண்டர் போடும் குப்புராஜ் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐ ஆம் டிஸ்அப்பாயின்டட்மா, லிப்ட் இல்ல" என்றான்.

(*அவளுடைய சொந்தச் சொல் 'பேஜாரு'. அந்த ஒன்றிலேயே ஆறும் அடக்கம் என்பது அவள் கட்சி.)

4

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் ஹேமாவதி குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. தணிகைவேல் எடுத்தான். ஹேமாவதிக்குப் புனேயில் மூன்று மாதப் பயிற்சி, திரும்பி வந்தால் லைன் லீடர் என்றார் மோனிகா மேடம்.

"ஷீ நாட் இன்ட்ரஸ்டட் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஏன்? "மனைவி மீது அவனுக்கிருந்த அளவுகடந்த—" இல்லை. "ஆண்பிள்ளை என்கிற—" அதுவும் இல்லை. இந்த ஆளை என்னால் எழுதவே முடியவில்லை. பயந்துவிட்டான் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் அவன் யாரோடு இங்கிலீஷில் சண்டை போடுவான்?

மறுநாள் கேன்டீனில், "ஏன் ஹேமா வேணாம்னுட்டீங்க?" என்று மோனிகா மேடமே கேட்டார். எத்தனையோ காலமாக அவள் ஆசைப்பட்டுக் காத்திருந்த வேலை. விஷயம் புரிந்ததும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். இடம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொன்னார் மேடம்.

5

சாயங்காலம். கட்டிலில் பை தயார். கதவோரம் எல்லம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் பானு மூச்சுக்கூட விடவில்லை. வாசலில் மீன்கூடைக்கார அம்மாள் வியாபாரத்தை மறந்து கூடையை இறக்கிவைத்துவிட்டாள். தெருவே ஆறாவது சொல்லுக்குக் காத்திருந்தது.

"ஐ ஆம்..." என்றாள் ஹேமாவதி.

ஆறையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ஃபெட் அப்கூட, கம்பெனி கொடுத்த யூனிபாரம் மாதிரி, தோளில் இறுக்கிப் பிடித்தது. அவ்வளவு பெரிய கோபம் அவளுக்கு.

முடிவு ஒன்று: சொல்லிவிட்டுச் சோழவரம் போகிறாள். தப்புச் செய்தவன் வீட்டில் இருக்க, அவள் எதற்கு பஸ் ஏற வேண்டும்? அடித்தேன்.

முடிவு இரண்டு: அவன் "ஸாரி" என்கிறான். ஈரத் துண்டுக்கும் இதே ஸாரிதானே? அடித்தேன்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. அவளே ஒப்பந்தத்தை உடைத்தாள், தெருக்கதவு திறந்திருக்கும்போதே, தமிழில்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியாயா நீ?"

"ஹேமா, ஸ்லோலி... அம்மா..."

"அம்மா கேக்கட்டும், ஊரே கேக்கட்டும்! போன் வந்தது எனுக்கு. நான் இன்னா ஊமையா? எனுக்குப் பதிலு சொல்ல நீ யாரு?"

"டேய், பத்து வயசுலயே இவன்..." என்று எல்லம்மா ஆரம்பித்தாள்.

"அத்த, நீயும் சும்மா இரு. எனுக்கு நான் பேசிக்கிறேன்."

எல்லம்மா வாயை மூடியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

தணிகைவேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ புனேக்குப் பூட்டா திரும்பி வரமாட்டியோன்னு பயந்துகினு..."

"அத என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

போன் அடித்தது.

6

போன் கட்டில் மேல், தணிகைவேல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. பழக்கத்தில் கை நீண்டது. பிறகு தானாகவே பின்னால் போய்விட்டது.

மோனிகா மேடம்தான். புனேயில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியும், அதை வைத்ததே நான்தான். ஹேமாவதி என்ன பதில் சொல்வாள் என்றும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நல்ல பக்கம், இரண்டு இடத்தில் கண்ணில் தண்ணீர்கூட வரும். கிழித்துவிட்டேன். அவளுக்கு வந்த போனுக்கு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பதில் சொல்ல, இன்னொரு ஆள் எதற்கு?

வாசகரே, உங்கள் கையும் நீளுகிறது. கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் போன். அவள் பேசட்டும்.