ஜன்னல் இல்லாத வரிசை

மழை பிடித்துக்கொண்டதும் எங்கள் தையல் ஷெட்டில் கரண்ட் போனது. மேஸ்திரி கொஞ்ச நேரம் கூரையை முறைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் கிளம்புங்கள் என்று கையைக் காட்டினார். எனக்குக் கொண்டாட்டம். அண்ணி மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக் கொஞ்சலாம் என்று மதியமே ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை.

காலையில் அண்ணி தலை கிறுகிறுக்கிறது என்றாள். கைப்பிள்ளைக்காரிக்குத் தூக்கம் ஏது, அதுதான் என்று நானே வைத்தியம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இப்போது அது ஞாபகம் வர, இன்னும் பலமாகத் தட்டினேன்.

எங்கள் வரிசையில் எல்லாமே ஒற்றை அறை வாடகை வீடுகள். விறகுப் புகையில் இருமியே வளர்ந்தவர்கள் நாங்கள். போன மாதம் புகையில்லா அடுப்புத் திட்டத்துக்காரர் ஒருவர் இரண்டு அடுப்பு கொண்டுவந்து, எது வேண்டும் என்று கேட்டார். ஒன்றுக்குச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். ஆணி அடித்தாலே குதிக்கிற வீட்டுக்காரர் குழாய்க்கா சம்மதிப்பார்? இன்னொன்று கையில் தூக்கிப் போகிற கரி அடுப்பு. கரி கனன்றதும் அதன்மேல் வெள்ளைத் துண்டைப் பிடித்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. அதோடு முடிவாகிவிட்டது, வீட்டுக்கு ஒரு கரி அடுப்பு.

பிறகு அவர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? கரியிலிருந்து வருகிற காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும், ஜன்னலை மட்டும் மூடாதீர்கள் என்றார்.

"இங்க எவன் வீட்டுல சார் ஜன்னல் இருக்கு, மூடுறதுக்கு?" என்றான் அண்ணன். வரிசையே சிரித்தது.

சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே புகை போவதற்கு ஒரு சாண் இடைவெளி உண்டு. புகைதான் இல்லையே, சாரலும் கொசுவும் எதற்கு வர வேண்டும் என்று அண்ணன் அதை அடைத்தான். ஷெட்டில் மிஞ்சிய வெட்டுத்துணியை மூட்டையாக நான்தான் கொண்டுவந்தேன். அவனைப் பார்த்து எல்லா வீட்டிலும் அடைத்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். துணி நனைந்து ஊதி, ஊசி நுழைய இடமில்லாமல் இருந்தது. வாசலில் கிடந்த கருங்கல்லைத் தூக்கித் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் இடித்தேன். பலகை பிளக்கும்வரை இடித்தேன்.

உள்ளே அனல். அண்ணி பாயில் துவண்டு கிடந்தாள். பிள்ளைக்குக் குளிரக் கூடாதென்று அடுப்பைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பிள்ளையை வாரி வெளியே கிடத்தினேன். அண்ணியை அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்தேன். பிள்ளை அசையவே இல்லை. அந்த நேரம் என் உயிர் என்னிடம் இல்லை. மழை முகத்தில் அறைய அறைய, பிள்ளை ஒரு தடவை விக்கியது. அப்புறம் வீறிட்டது.

அண்ணி கண் திறந்தாள். நாக்குக் குழறியது.

"ஏண்டி... பிள்ளைய நனைய விட்டிருக்க?"

அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்று வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

மழைக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்கள் வரிசையில் ஒரு டம்ளர் விழுந்தாலே நாலு தலை எட்டிப் பார்க்கும். நான் கதவையே உடைத்திருக்கிறேன். ஒருவரும் வெளியே வரவில்லை.

மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டைத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். பிறகு திரும்பி வந்து கல்லை எடுத்தேன்.