அமுக்கு, புடி, விடு

பிரேக்கில் காற்றெடுக்கும் வேலையை ஜைனலும் திவாகரனும் எப்போதும் சேர்ந்துதான் செய்வார்கள். ஒருத்தர் சக்கரத்துப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஸ்பானரைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் காடிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். வெளியே இருப்பவர் ‘அமுக்கு’ என்றால் அமுக்கணும். ‘புடி’ என்றால் காலை அப்படியே வைத்திருக்கணும். அவர் அந்தச் சின்னத் திருகைத் தளர்த்தி, எண்ணெயோடு காற்றுக் குமிழியை வெளியேற்றி, திருகை மறுபடி முடுக்கிவிட்டு ‘விடு’ என்ற பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும், செய்த வேலையெல்லாம் வீண். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். காலும் காதும் ஒழுங்காக இருந்தால் போதும். திவாகரனுக்கு இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன, அந்த ஒரு நாளைத் தவிர.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் சுவரொட்டிய இரண்டு வீடுகள் அவர்களுடையவை. ஒன்றில் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் திவாகரனும் அவன் மனைவி நவமணியும். மற்றதில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜைனலும் அவர் மனைவி சம்சியாவும். இரண்டு வீட்டுப் போர்ச்சிலும் எண்பத்தெட்டாம் வருஷத்துச் சாகா காடி நின்றது. திவாகரனுடையது சிவப்பு, ஜைனலுடையது வெள்ளை. பிள்ளைகள் படித்து கோலாலம்பூர் பக்கம் போன பிறகு இந்த இரண்டு ஆண்களும் ஞாயிற்றுக்கிழமை தோறும் காடிக்கு அடியிலேயே குடும்பம் நடத்தினார்கள். “என்னய ஒரு நாளாச்சும் இப்படிக் குனிஞ்சு பாத்திருப்பீங்களா?” என்று நவமணி கேட்பாள். திவாகரன் வாயில் டார்ச் லைட்டைக் கவ்வியிருப்பான்.

இரண்டு பேரில் கைவேலைக்காரர் ஜைனல்தான். பட்டறைப் பொமேனிடம் காடியை விடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வடக்கு வட்டாரத்துச் சாகாக்காரர்கள் அறுபது பேர் சேர்ந்த வாட்சப் குரூப்பில் அவரை சிஃபு, அதாவது குரு, என்றார்கள். யாராவது எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினால், கடையில் ரொட்டி போட்டுக்கொண்டே காதில் வைத்துக் கேட்டு, “பெல்ட்டு லா. மாத்து” என்று பதில் போடுவார். பெரும்பாலும் பெல்ட்டாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, திவாகரனின் சிவப்புச் சாகாவுக்கு ஜைனல் புது பிரேக் பம்பு மாட்டினார். மறுநாள் குரூப் மொத்தமும் கோத்தா கோலா மூடாவுக்குப் போய் மீன் சாப்பிடுவதாக ஏற்பாடு. கடைசிச் சக்கரத்தில் காற்றெடுக்கும்போது திவாகரனின் போன் அடித்தது. பாசாரிலிருந்து நவமணி. ஒரு தேங்காய் போதுமா, இரண்டு வேணுமா என்று கேட்டாள். அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு வாங்கச் சொன்னான். சொன்ன அதே நேரத்தில் அவன் கால் பெடலிலிருந்து எழும்பியது. ‘விடு’ என்ற சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. முன்னாலா பின்னாலா என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. “பெடல் கெட்டியா இருக்கா, திவா?” என்று ஜைனல் கேட்டார். திவாகரன் ஒப்புக்கு ஒரு மிதி மிதித்துவிட்டு, “கெட்டி, நானா” என்றான்; ஜைனலை அண்ணன் முறையில் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று ஜைனல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார், நீயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்க என்றும் சொன்னார். திவாகரன் காடியைக் கழுவினான், ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் வழியில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பெடல் தரைவரை போனது. சாகா ரோட்டோரத்து அல்லூர் வாய்க்காலில் இறங்கி, நவமணியின் இடது கை இரண்டு இடத்தில் உடைந்தது. மருத்துவமனை வராந்தாவில் பயமும் ஆத்திரமுமாக உட்கார்ந்திருந்த திவாகரன், அறுபது பேரும் பார்க்கும் குரூப்பில் எழுதினான்: ‘நம்பிக் குடுத்தேன். ஜைனல் நானா செஞ்ச பிரேக்கு எம் பொண்டாட்டி கைய ஒடச்சிருச்சு.’ அனுப்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேங்காய் அவன் நினைவுக்கு வந்தது. ‘விடு’ வருமுன் எழும்பிய காலும் நினைவுக்கு வந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதியதை எப்படி விழுங்குவது? தவிர, உண்மையைச் சொன்னால் போன் செய்தவள் நவமணி என்பதும் வெளியே வரும், தன் கையைத் தானே உடைத்துக்கொண்டதாக அவள் நினைத்துவிடுவாளே என்று ஒரு சாக்கும் கிடைத்தது. சாக்கு கிடைத்தால் மனுஷன் விடுவானா? அவன் பதினொரு மாதம் அதைப் பிடித்துத் தொங்கினான். ஜைனல் மருத்துவமனைக்கு வந்து நவமணியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. குரூப்பில் யாரும் அவரிடம் சத்தம் அனுப்பவில்லை. சிவப்புச் சாகா பிரேக் சரிசெய்யப்படாமல் போர்ச்சிலேயே கிடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் திவாகரன், அந்தப் பக்கம் ஜைனல், நடுவில் பேச்சுவார்த்தை இல்லை. நவமணியின் கை கூடிவிட்டது, தலை பின்னும் அளவுக்கு மட்டும் இன்னும் தூக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜைனல் குரூப்பில் ஒரு படம் போட்டார். வெள்ளைச் சாகா, பக்கத்தில் ஸ்பானர்களை வரிசையாக அடுக்கிய சாமான் பெட்டி. ‘காடியும் சாமானும் சேத்து விக்கிறேன். இனிமே கை வைக்கிறதில்லை.’ வாங்குகிறேன் என்று மெர்கோங்கிலிருந்து முருகையா எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். திவாகரன் அந்தப் படத்தை எத்தனை முறை திறந்து பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பெட்டியில் பாதிச் சாமான்கள் அவன் கைபட்டுத் தேய்ந்தவை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

“அமுக்கு. புடி... ஏன் எடுத்த? நான் விடுன்னு சொல்லல லா.”

“மூட்டு வலிக்குது. விக்கப்போற காடிக்கு எதுக்கு இவ்ளோ பாடு?” இது சம்சியா.

“வாங்குறவன் பொண்டாட்டியும் அதுலதான ஒக்காரப் போறா?”

திவாகரனுக்கு அதைக் கேட்டு நிற்க முடியவில்லை. கேட்டைத் திறந்து, பதினொரு மாதத்தில் முதல்முறையாகப் பக்கத்து வீட்டுக்குள் நடந்தான். ஜைனல் பின்சக்கரத்தோடு ஒட்டிக் குந்தியிருந்ததால் பார்க்கவில்லை. சம்சியா பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி இடம் கொடுத்தாள்.

“அமுக்கு” என்றார் ஜைனல்.

திவாகரன் அமுக்கினான்.

“புடி.” திருகில் வைத்த ஸ்பானர் நின்றது. “இது சம்சியா கால் இல்லயே.”

“நான்தான், நானா. திவா.”

திருகு தளர்ந்தது, பெடல் மெதுவாக இறங்கியது. இப்போது சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லப் போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அன்னைக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் கால எடுத்துட்டேன், நானா. போன் வந்துச்சு. பெடல் கெட்டின்னு சும்மா சொன்னேன். ஓட்டியும் பாக்கல. உங்க வேல சுத்தமா இருந்துச்சு. கெடுத்தது நான்.”

பின்னாலிருந்து ‘விடு’ என்ற வார்த்தை வரவில்லை. ஜைனல் திருகை முடுக்கினாரா இல்லையா என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. திவாகரன் காலை அப்படியே வைத்திருந்தான்.

ஜைனல் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“பதினோரு மாசம்” என்றார். “தொழுதுட்டு எந்திரிக்கிறப்பல்லாம் நவமணி கைதான் கண்ணுல நிக்கும். எந்தத் திருக விட்டேன், எங்க தப்புப் பண்ணேன்னு படுத்தா தூக்கமில்ல. நீ செவத்துக்கு அந்தப் பக்கம் நல்லா சாப்ட்டுத் தூங்குனியா?”

“தூங்கல, நானா.”

“எங்கிட்ட ஒத்தையில சொல்ற. எங்க எழுதுன? எத்தன பேரு பாத்தாங்க?”

திவாகரன் காலை எடுக்காமலே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். குரூப்பைத் திறந்து, குரல் பதிவை அமுக்கிப் பிடித்தான். சொன்னதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னான், காலை எடுத்ததையும் கெட்டி என்று புளுகியதையும். “ஜைனல் நானா மேல நான் போட்டது பொய்ப் பழி. மன்னிச்சிருங்க” என்று முடித்தான். அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், சுவருக்கு மேலே நவமணியின் தலை தெரிந்தது.

“நான் தேங்காக்கு போன் போட்டப்பவா?” என்றாள்.

அவன் தலையாட்டினான்.

“போனா ஒங்க கால எடுக்கச் சொல்லுச்சு?” அவள் கண்கள் கலங்கியிருந்தன. “என் கை போனாக்கூடப் பரவால்ல. பக்கத்து வீட்டு மனுசன் பேரையும்ல ஒடச்சு வெச்சிருக்கீங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்.”

அதற்குள் ஜைனலின் போன் அடித்தது. மெர்கோங் முருகையா. அவரும் குரூப்பில் இருப்பவர்தான், பதிவைக் கேட்டிருப்பார்.

“இன்னைக்கு வராதீங்க. பிரேக்கு வேல முடியல” என்றார் ஜைனல். “எப்பன்னு சொல்ல முடியாது லா. ரெண்டு காடி இருக்கு.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பானரோடு பின்சக்கரத்துக்குப் போய்க் குந்தினார். அவர் கோபம் தீரவில்லை என்பது குந்திய விதத்திலேயே தெரிந்தது. திவாகரனின் கால் மரத்துப் போய், அது தன்னுடையதா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. எடுக்காமல் காத்திருந்தான்.

“விடு” என்றார் ஜைனல்.