மல்லாட்டை ரெக்கார்ட்ஸ் விட்ட இடைவெளி

1
இந்தக் கதை ஒரு பலகையிலிருந்து கிடைத்தது. திண்டிவனத்தில் தேவாவின் மைக்செட் கடைமேல் தொங்கியது: 'மல்லாட்டை ரெக்கார்ட்ஸ், உலகத் தலைமையகம்.' (மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் வேர்க்கடலை.) உலகம் விழுப்புரத்தோடு முடிந்துவிடும். அங்கே கிளை: தேவாவின் மச்சான் வீட்டு மாடி.

2
தமிழ்ச் சுயாதீன இசையின் நெடிய வரலாற்றில்…

(அடித்துவிட்டேன். வரலாறு ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரைதான்.)

அடுத்தவன் பாட்டையே போட்டுப் போட்டுச் சலித்த தேவா, தன் ஊர்க்குரலை வெளியிட ஆசைப்பட்டான். சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும் வேணி அக்காவையும் பறையடிப்பவர் ஒருவரையும் கடைக்கே அழைத்துவந்தான். சுவரில் ஜமுக்காளம் கட்டி, மின்விசிறியை நிறுத்திப் பாடவைத்தான். செத்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் வேணி வாயை மூடிக்கொண்டார். பறை மட்டும் ஒலித்தது. தேவா அதை அப்படியே வெளியிட்டான்.

3
(ஒரு விமர்சகர் அந்த இடைவெளியை 'மௌனத்தின் அரசியல்' என்று பக்கம் பக்கமாக எழுதினார். வேணிக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், நல்லா இருக்கட்டும்" என்றார்.)

சென்னை கம்பெனி ஒன்று, ஒரு பெயரை நிரப்பித் தந்தால் பாட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. இல்லையென்றால் தேவா கடையைக் கட்டவேண்டியதுதான்.

"ஏதாச்சும் ஒரு பேரு சொல்லுக்கா. சின்னக்கண்ணுன்னு சொல்லேன்."

"உசுரோட கீறவன் பேரைச் சொல்லுவனா நானு?"

"அப்ப செத்தவங்க பேரு?"

"ஒருவாட்டி அழுது அனுப்பிட்டேன். நீ பட்டனை அமுக்கறப்பல்லாம் அவன் திரும்பச் சாவணுமா?"

"நம்ம கம்பெனியே பூடும்க்கா."

"போவட்டும். அதுக்கும் வந்து பாடறேன்."

4
இங்கே தேவாவைத் தியாகியாக்கி ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். உண்மையில் அவன் தன் பெயரையே அந்த இடைவெளியில் பேசிப் பதிவுசெய்தான். போட்டுக் கேட்டதும் வியர்த்துப்போய் அழித்துவிட்டான். சென்னை கம்பெனி போனை எடுப்பதை நிறுத்தியது.

5
முடிவு ஒன்று: பாட்டு உலகப்புகழ் பெறுகிறது.

(வேண்டாம். மச்சானே நம்பமாட்டார்.)

முடிவு இரண்டு: தேவா ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றுகிறான். பிரம்மதேசம் பக்கம் போகும் சவ ஊர்வலம் ஒன்று வருகிறது. டிராக்டர் ஸ்பீக்கரில் வேணியின் பாட்டு; மைக்செட்காரர்கள் பென்டிரைவில் கைமாற்றிக்கொண்டது. இடைவெளி வந்ததும் மொத்தக் கூட்டமும் செத்தவர் பெயரைச் சொல்லி அழுகிறது. அடுத்த வரியை ஸ்பீக்கர் எடுத்துக்கொள்கிறது.

ஊர்வலம் கடந்ததும் ஏணிக்குக் கீழே வேணி.

"இன்னாடா, கழட்டிக்கினு கீற? பாடறேன்னு சொன்னேன்ல."

தேவா பலகையையே பறையாகத் தட்டினான். வேணி பாடினார். பெயருக்கான இடம் வந்தது. வாயை மூடிக்கொண்டு தேவாவைப் பார்த்தார்.

பலகையிலுள்ள பெயரைச் சொல்லிவிட்டால் கம்பெனி செத்தது உறுதி. உயிரோடிருப்பவர் பெயரைச் சொல்லக்கூடாது. டிராக்டர் இன்னும் அதே பாட்டோடு காதுக்கெட்டும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

தேவா தட்டுவதை நிறுத்தவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. நீங்கள் அந்தப் பெயரைச் சொல்வதானால், இதோ இடைவெளி: