நிலைப்படிக்கு உள்ளே நிற்பவர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேல் வந்த கோபம். அவளுக்குச் சரியான பதில் கொடுக்கத்தான் காகிதத்தை எடுத்தேன். கோபப்பட்ட பெரியவருக்கு ஆவுடையப்பன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் நான் அல்ல என்று நீங்கள் நம்பலாம். எனக்கும் அது வசதி.

முதல் தொடக்கம்: கீரமங்கலத்தில் ஆவுடையப்பன் குடும்பத்தைத் தெரியாதவர்கள் யாரும் —

[அடித்துவிட்டேன். தெரியாதவர்கள் நிறையப் பேர்.]

2

புதுக்கோட்டையில் ஒரு கலைக்கூடத்தில் ஆவுடையப்பனின் பாட்டனார் படம் மாட்டியிருக்கிறது. ஆளுயர ஓவியம், குடும்பம் கொடுத்தது. ஒரு வீட்டு வாசலில் பாட்டனாரும் ஒரு பெண்ணும் எதிரெதிரே நின்று, நெல் நிறைந்த மரக்காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். கீழே விளக்கச் சீட்டு: 'பஞ்ச காலத்தில் தம் வாசல் தேடி வந்த ஏழைப் பெண்ணுக்கு நெல் வழங்கும் வள்ளல்.'

மாதம் ஒருமுறை ஆவுடையப்பன் அங்கே போவார். சட்டத்தில் தூசி இருந்தால் ஊழியரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்வார். அப்படிப் போன ஒரு நாள், இலுப்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பத்திரண்டு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கலையை ரசிக்கக் கற்பிக்கும் சுற்றுலாவாம். கூட்டி வந்தவர் ஆசிரியர் அருள்தாஸ்.

"லைனா நில்லுங்க. எதையும் தொடக்கூடாது. படத்துக்குக் கீழ இருக்கிறத அப்படியே நோட்டுல எழுதுங்க. சீக்கிரம், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தலைகள் குனிந்தன. சீட்டைப் பார்ப்பதும் நோட்டைப் பார்ப்பதுமாகப் பிள்ளைகள் எழுதினார்கள். படத்தை யாரும் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் முதுகை நிமிர்த்தி நின்றார். பாட்டனார் பெருமை நாற்பத்திரண்டு நோட்டுகளில் ஏறிக்கொண்டிருந்தது.*

* நியாயமாக இங்கேதான் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஓவியம் பார்க்க என்று பிள்ளைகளை முப்பது கிலோமீட்டர் கூட்டி வந்து, ஓவியத்தைப் பார்க்க விடாமல் அடிப்பதற்குப் பெயர் கல்வியா? ஆனால் வரவில்லை.

3

அருள்தாஸ் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே வந்தார். பிளெஸ்ஸி என்ற பிள்ளையின் நோட்டில் இரண்டு வரிதான். 'ஒரு அம்மா நெல் கொடுக்கிறார். பெரியவர் வாங்கிக்கொள்கிறார்.' சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது.

"பாத்து எழுதக்கூடத் தெரியலையா ஒனக்கு?"

"படத்தப் பாத்துத்தான் சார் எழுதுனேன்."

"அடேயப்பா! சீட்டு எழுதுனவங்களுக்குத் தெரியாதது இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏய் பிள்ள, அது யாருன்னு தெரியுமா? எங்க பாட்டன். எங்க குடும்பத்துல எவனும் அடுத்த வீட்டு வாசல்ல போயி நின்னதில்ல."

"கோவிச்சுக்காதீங்க தாத்தா. அந்த அம்மா நிலைப்படிக்கு உள்ள நிக்கிறாங்க. இவரு தெருவுல நிக்கிறாரு. செருப்பக்கூடக் கழட்டி அங்கிட்டு வச்சிருக்காரு பாருங்க. வீட்டுக்குள்ள நிக்கிறவங்க எப்படித் தாத்தா கேட்டு வந்தவங்களா இருப்பாங்க?"

"வாய மூடு! ஐயாகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார் அருள்தாஸ்.

"எதுக்கு சார்?"

4

[முதல் வரைவில் பிளெஸ்ஸியை வாயாடியாக எழுதியிருந்தேன். அழவும் வைத்தேன். அவள் அழவில்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல்தான் கேட்டாள்.]

ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார். இத்தனை வருடமும் மீசையையும் கடுக்கனையும் மட்டுமே பார்த்திருந்த அவருக்கு அன்றுதான் அந்தச் செருப்பு —

[பொய். அவருக்கு எல்லாம் தெரியும்.]

அப்பா சொல்லியிருக்கிறார். பஞ்சத்தில் விதைநெல்லும் தீர்ந்துபோய், அறந்தாங்கிப் பக்கம் பிச்சையம்மாள் என்பவரின் வாசலில் போய் நின்றார் பாட்டனார். அந்த அம்மா கேள்வி கேட்காமல் அளந்து போட்டார். பிழைத்து எழுந்த பிறகு பாட்டனாரே ஓவியரை வரவழைத்தார். "நான் தெருவுலதான் நின்னேன். தெருவுலயே நிறுத்துங்க" என்று சொல்லி வரையவைத்து வீட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அவர் வெட்கப்படவில்லை.

வெட்கப்பட்டவன் பேரன். படத்தைக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தபோது விளக்கச் சீட்டை எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். கொடுத்தவரை ஏழையாக்கினான், அவர் பெயரையும் விழுங்கினான். அதற்குக் குடும்ப மானம் என்று பெயர் வைத்தான்.

இனி 'அவர்' என்று எழுதக் கூசுகிறது. நான்தான்.

5

முடிவு ஒன்று: பிளெஸ்ஸி மன்னிப்புக் கேட்கிறாள். [இதற்காகத்தான் கதையையே தொடங்கினேன். த்தூ.]

முடிவு இரண்டு: நோட்டை வாங்கி, பெருக்கல் குறியை அடித்து, பிள்ளையின் தலையில் கை வைத்து — [இவ்வளவு நல்லவனாக என்னை எழுதிக்கொள்ள மாட்டேன்.]

நடந்தது இதுதான். "சரி சரி, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். நாற்பத்தொரு பொய்கள் சரி என்று குறி வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறின. ஒரே ஓர் உண்மை தப்பு என்று குறி வாங்கிக்கொண்டு ஏறியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படத்தைக் கொடுத்தவர் எழுத்து மூலம் கேட்டால் சீட்டை மாற்றுவார்களாம். கடிதம் மேசையில் இருக்கிறது. கையெழுத்துதான் பாக்கி. "ஊர் சிரிக்கும்ப்பா" என்கிறான் மகன்.

அனுப்பினேனா என்று என்னைக் கேட்காதீர்கள். புதுக்கோட்டைக்குப் போனால் அந்தப் படத்தின் முன்னால் நில்லுங்கள். முதலில் படம், பிறகு சீட்டு. இரண்டும் ஒன்றையே சொன்னால் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் உங்கள் நோட்டை எடுங்கள். என் சீட்டைப் பார்க்காமல், படத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதுங்கள்.