ஒரு படி ஆளி விதை

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்த நேரத்தில், பின்பக்கக் கொட்டகையில் குதிரை முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. குனிந்தவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். புருஷனின் தலைமாட்டில் இருந்த அருணாதேவியும் கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்ததும் மொத வேலையா இந்தச் சனியன வண்டி ஏத்தி அனுப்பணும்" என்றான் கொழுந்தன் சக்திவேல். "எங்க அண்ணன் உசுர குடிச்சதே இதுதான்."

மகன் மாறன் கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பறைச் சத்தம் கிரிவலப் பாதையில் திரும்பித் தேய்ந்தது. பரசுராமன் போய்விட்டார்.

உயிரைக் குடித்தது குதிரை இல்லை என்பது அருணாதேவிக்குத் தெரியும். தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடவென்று ஆறு வருஷத்துக்கு முன் அவர் வாங்கிய வெள்ளைக் குதிரை அது. வெள்ளச்சி என்று பேர். பெண்டாட்டி தலைவாரியிருக்கிறாளா இல்லையா என்று ஒருநாளும் பார்க்காத மனுஷன், அதன் பிடரியில் மட்டும் மணிக்கணக்கில் சிக்கெடுப்பார். முதலில் விரல், அப்புறம்தான் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. தை மாதம் அதற்கு அரிப்பு வந்து, சுவரில் தேய்த்துத் தேய்த்துப் பிடரி பாதி கொட்டிப்போனது. வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் கழுவினார், தேங்காய் எண்ணெய் தடவினார். முடி வளரட்டும் என்று தினமும் கொள்ளோடு ஒரு கைப்பிடி ஆளி விதையை ஊறவைத்து வேகவைத்துப் போட்டார். முடி விரற்கடை அளவுதான் முளைத்திருந்தது. வேங்கிக்கால் கல்யாணத்துக்குப் பேச வந்தவர்கள், "இன்னாங்க, கழுத மாதிரி கீது" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் எந்தக் காலத்தில் வளர்வது? நேற்றுக் காலை அவர் டீ குடிக்கப் போன சமயம், ஒரு படி ஆளி விதையை அப்படியே பச்சையாகத் தீனித் தொட்டியில் கொட்டிக் கலந்து, தொட்டியைக் கம்பால் கொட்டகைக்குள் தள்ளிவிட்டாள். பச்சை விதை வயிற்றில் ஊறி உப்பிக் கட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கையால் தள்ளப் பயம். ஆறு வருஷமாக அந்தக் குதிரையை அவள் தொட்டதே கிடையாது.

மத்தியானம் அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்துப் புரண்டது. மாட்டு டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார், ஊசி போட்டார்.

"புதுசா ஏதாவது தீனி போட்டீங்களா?"

"இல்ல சார். எப்பவும் போடறதுதான்" என்றார் பரசுராமன்.

கதவுக்குப் பின்னால் நின்ற அருணாதேவி வாயைத் திறந்தாள். டாக்டர் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"புரள விடாதீங்க, குடல் முறுக்கிக்கும். நடத்திக்கினே இருங்க. வயித்துல கட்டுனது எறங்கி லத்தி போட்டா பொழச்சிக்கும்."

பங்குனி வெயிலில் கேட்டுக்கும் குழாயடிக்கும் நடுவே பரசுராமன் அதை நடத்தினார். நாலு மணிக்கு, "கொஞ்சம் தண்ணி குடு" என்று சுவரோரம் உட்கார்ந்தார். அவள் சொம்போடு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

ஊசி வேகத்தில் ராத்திரி சும்மா நின்ற குதிரைக்குக் காலையில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. இப்போது பெண்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே கொட்டகையில் அதன் முட்டி மடிவதை அவள் பார்த்தாள். இதுவும் செத்துவிட்டால்? இரண்டு உயிர். எழுந்து ஓடினாள்.

"அருணா! மூலையில உக்கார வேண்டியவ எங்கடி போற?" என்று நாத்தனார் வெள்ளையம்மாள் கத்தினாள்.

கயிற்றை அவிழ்த்தாள். குதிரையின் மூச்சு கழுத்தில் சூடாக அடித்தது. அத்தனை பெரிய பற்களை அவள் அத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இழுத்தாள். முதல் இழுப்புக்கு அது அசையவில்லை. "எழுந்திரு தாயே, உன் கால்ல விழறேன்" என்று அழுதாள். எழுந்தது. கேட்டிலிருந்து குழாயடி, குழாயடியிலிருந்து கேட். கடித்தால் கடிக்கட்டும், உதைத்தால் உதைக்கட்டும் என்று நடந்தாள். பயம் மட்டும் குறையவே இல்லை.

எத்தனையாவது சுற்றிலோ குதிரை நின்று வாலைத் தூக்கியது. லத்தி விழுந்தது. அருணாதேவி கும்பிடக் கையெடுத்தவள் அப்படியே நின்றாள். விழுந்ததில் பாதி ஆளி விதைதான். முழுசு முழுசாக, பளபளவென்று.

"தள்ளி நில்லு, ஆம்பளைங்க வர்ற நேரம்" என்று வெள்ளையம்மாள் வாளியோடு வந்தாள். "ஒரே ஊத்துல கழுவி விட்டுடறேன்."

ஒரு வாளித் தண்ணீர். அதோடு போயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"வேணாம் அண்ணி" என்றாள். வாளியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி சொன்னாள். "வேணாம். மாறன் வரட்டும்."

மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக மாறன் வந்தான். தரையைப் பார்த்தான். நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த முகம் முதன்முதலாக இளகியது.

"போட்டுடுச்சாம்மா? அப்பா அந்த வெயில்ல நடத்துனது வீணாவல." சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவன் விரலால் ஒரு விதையை எடுத்தான். "இது இன்னாது, இம்மாம்?"

"ஒரு படி. பச்சையா. நான்தான் போட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. டாக்டர் கேட்டப்பவும் நான் சொல்லல."

மாறன் அந்த விதையைத் தரையிலேயே போட்டான். எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டான்.

"போய் உக்காரு. மிச்சமும் எறங்கட்டும், நான் நடத்தறேன்" என்றான். அந்தக் குரலில் கோபம் இருந்ததா, இல்லையா, அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். மாறன் குதிரையை நடத்தினான். கேட்டுக்குப் போய் அவன் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.