வேட்பாளர் பார்த்த நோயாளி

விக்கிரமசிங்கபுரத்தில் பிரசார ஜீப் நின்றதும், மாலை போட வந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஹம்னா முன்னால் வந்தாள்.

"டாக்டரு, மாமிக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காவ. நீங்களே பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீயளாம்!"

கார்த்திகேசனுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. இதே ஊரில் வருஷக்கணக்காக வைத்தியம் பார்த்தவர், டெல்லி ஆசையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓட்டுக் கேட்டு அலைகிறார். கழுத்தில் ஸ்டெத்தஸ்கோப்போடு போவது கட்சி சொன்ன யோசனை. பிரசாரத்தைக் கவனிக்கும் சுந்தர் செல்போனை நீட்டினான்.

"போன வாரம் எடுத்த படம், அண்ணாச்சி. நம்ம படத்துலயே இதுதான் வாட்ஸ்அப்புல நல்லா ஓடுச்சு."

படத்தில் அவர், ஹம்னாவின் மாமியார் மைதீன் பாத்திமாவின் முதுகில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்திருக்கிறார். காதில் மாட்ட வேண்டிய முனைகளோ கழுத்திலேயே கிடக்கின்றன. முகம் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. கார்த்திகேசனுக்குக் காது மடல் சுட்டது.

வீட்டுக்குள் பாத்திமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். பாதம் இரண்டும் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. இருதயம்தான். நாடியைப் பிடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எதுக்கு? நீங்கதான் பாத்தாச்சே. எம்மவன் துபாய்ல படத்தப் பாத்துட்டு, எம்பி ஆகப்போற டாக்டரே பாத்துட்டாரேன்னு சந்தோசப்பட்டான்."

பின்னால் நின்ற கட்சிக்காரர்கள் இருவர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். சுந்தர் காதோரம் குனிந்தான்.

"நோவு இப்பத்தான் கூடிருச்சுன்னு சொல்லிருங்க, அண்ணாச்சி."

அதையே சொன்னார். சொல்லும்போதே நாக்கு கூசியது.

பாத்திமா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. "அன்னைக்கு நல்லாருந்த நெஞ்சு அதுக்குள்ள கெட்டுப்போவுமா? நீங்க குழாய வச்சுக் கேட்டா தப்பாது டாக்டரு. ரெண்டு மாத்திரை எழுதுங்க, போதும்."

இந்த நம்பிக்கையே அவளைக் கொன்றுவிடும். ஹம்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் பாக்கல. காதுல மாட்டவே இல்ல. போட்டோவுக்காகச் சும்மா வச்சேன். ஒண்ணுமில்லன்னு சொன்னது வாய்க்கு வந்த பேச்சு."

சுந்தர் பாய்ந்து செல்போன்களைத் தாழ்த்தினான். பாத்திமா அவர் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"ஹம்னா, ஆட்டோவக் கூப்பிடு."

எழுப்பிவிடக் குனிந்தார். அவள் மருமகளின் தோளைத்தான் பற்றினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு சொன்னாள்:

"வெயில்ல சனங்க காத்துக் கெடக்காவ, போங்க. ஓட்டு உங்களுக்குத்தான் போடுவேன். வைத்தியம் மட்டும் வேற ஆள்ட்ட பாத்துக்கிடுதேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஆட்டோ திரும்பியது. பின்னாலேயே போக நினைத்துக் காலை எடுத்து வைத்தார்.

"நல்ல யோசனை அண்ணாச்சி," என்றான் சுந்தர். "ஆஸ்பத்திரி வாசல்ல கேமராவோட நிக்கச் சொல்லிருதேன்."

கார்த்திகேசன் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.